எவர்சில்வர் தகட்டில் விழுந்த கீறல்

கடையில் ‘மேட் ஃபினிஷ்’ என்று சொல்லி விற்கிற எவர்சில்வர் சிங்க்கின் மேல் கைபேசி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தகடு முழுக்கக் கீறல்தான். மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான கோடுகள், எல்லாம் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே ஆழத்தில் ஓடும். சேலம் உருக்காலை போன்ற இடங்களில் உருட்டி எடுக்கும் தகடு முதலில் மழமழவென்று மங்கிய சாம்பல் வெள்ளையாக இருக்கும். அதற்கு 2பி ஃபினிஷ் என்று பெயர். அதை உராய்வுப் பட்டை ஓடும் எந்திரத்தில் கொடுத்து, 120 முதல் 180 நம்பர் வரையிலான மணலால் நீளவாக்கில் இழுத்தால் 4ஆம் நம்பர் ஃபினிஷ் கிடைக்கும். சமையலறைச் சாமான்களில் நாம் பார்க்கும் ‘மேட்’ பெரும்பாலும் இதுதான். கோடு விட்டுப்போகாமல் நீளமாக ஓடினால் ஹேர்லைன் என்பார்கள். லிஃப்ட் கதவுகளில் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே இந்தத் தகட்டில் கண்ணை உறுத்துவது, திசை மாறிப்போன கீறலும் மற்றவற்றைவிட ஆழமாகப் போன கீறலும்தான். உழுது முடித்த வயலின் குறுக்கே வண்டி போன தடம் தனியாகத் தெரிவதுபோல அது தெரியும். தடத்தை அழிக்க முடியாது. அதன் மேலும் அதே திசையில் உழலாம். இந்த அத்தியாயத்தில் சொல்லும் வேலை அவ்வளவுதான். இது மனதில் பதிந்துவிட்டால், பற்பசை தேய்ப்பது, ரப்பிங் காம்பவுண்ட் போடுவது, பாத்திரக்கடையில் கொடுத்து பஃபிங் அடிப்பது போன்ற யோசனைகள் ஏன் உதவாது என்பதும் விளங்கும். அவையெல்லாம் தகட்டை மெருகேற்றும். மங்கலான தகட்டின் நடுவே கண்ணாடிபோல மின்னும் ஒரு திட்டு உண்டாகும். பழைய கீறலைவிட அந்தத் திட்டு அசிங்கமாக இருக்கும், சரிசெய்வதும் கடினம்.

முதலில், அது கீறல்தானா?

வேலையைத் தொடங்கும் முன் தகட்டை நன்றாகக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் திரவம், வெந்நீர், மெத்தென்ற ஸ்பாஞ்ச் போதும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் புழங்கும் வீடுகளில் சிங்க்கின் மேல் உப்புக்கறை வெள்ளை வெள்ளையாகப் படிந்து, கோடு கோடாக வழிந்து காய்ந்திருக்கும். அதைக் கீறல் என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து ஐந்து நிமிடம் போர்த்திவைத்துத் துடைத்தால் அது போய்விடும்.

இன்னொரு ஏமாற்று, இண்டாலியம் சட்டியும் அலுமினிய வடிதட்டும் விடுகிற கறுப்புக் கோடு. அலுமினியம் எவர்சில்வரைவிட மென்மையான உலோகம். இரண்டும் உரசினால் தேய்வது அலுமினியம்தான். அதன் துகள் சிங்க்கின் மேல் ஒட்டிக்கொண்டு, பென்சிலால் கிறுக்கியதுபோலத் தெரியும். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, கறுப்புக் கோடு போகும் திசையைப் பார்க்காமல் தகட்டின் இழை, அதாவது அந்த மயிரிழைக் கோடுகள், போகும் திசையில் துணியால் தேய்த்தால் வந்துவிடும். அடுப்பின் பர்னரைச் சுற்றிப் பொன்னிறமாகவும் நீலமாகவும் வளையம் வளையமாகத் தெரிவதும் கீறல் அல்ல, கறையும் அல்ல. சூட்டில் தகட்டின் மேலுள்ள குரோமிய ஆக்சைடு படலம் தடித்துப்போவதால் வரும் நிறம் அது. அதற்கு ஏதும் செய்யாமல் விட்டாலும் நஷ்டமில்லை.

இத்தனைக்கும் பிறகு, தகடு உலர்ந்த நிலையில், மிச்சமிருப்பதுதான் கீறல். உலர்ந்த நிலையில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஈரம் கீறலை மறைக்கும். வேலையின் நடுவிலும் நனைந்த தகட்டைப் பார்த்து “போயிடுச்சு” என்று நிறுத்திவிட்டு, காய்ந்த பிறகு தலையில் கைவைப்பது வழக்கமாக நடப்பது.

தொடக்கூடாத தகடுகள்

எவர்சில்வர்போலத் தெரிவதெல்லாம் வெற்று எவர்சில்வர் இல்லை. ஃபிரிட்ஜ் கதவுகள் பலவற்றில் சாதாரண இரும்புத் தகட்டின் மேல் பெயிண்டோ அச்சிட்ட பிளாஸ்டிக் படலமோதான் இருக்கும், இழைகூட அச்சுதான். உண்மையான எவர்சில்வர் கதவாக இருந்தாலும் விரல்ரேகை படியாமலிருக்க மேலே கண்ணுக்குத் தெரியாத பூச்சு கொடுத்திருப்பார்கள். கறுப்பு, பொன்னிற ‘நானோ’ சிங்க்குகளும் பூச்சு போட்டவைதான். இவற்றின் மேல் உப்புத்தாள் பட்டால் பூச்சு கிழிந்து, உள்ளிருக்கும் நிறம் வெளியே வரும். திரும்ப ஒட்டவைக்க வழி கிடையாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தத்தை நம்ப வேண்டாம். குரோமியம் மட்டும் சேர்ந்த 430 ரக எவர்சில்வரில் காந்தம் ஒட்டும். குரோமியமும் நிக்கலும் சேர்ந்த 304இல் ஒட்டாது, ஒட்டினாலும் வளைத்த மூலைகளில் லேசாகத்தான். இரண்டும் எவர்சில்வர்தான். பூச்சு இருக்கிறதா என்பதைப் பற்றிக் காந்தம் எதுவும் சொல்லாது. அதற்கு எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் மல்டிமீட்டர் உதவும். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரை ‘பீப்’ ஒலிக்கும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் கதவின் கீழ் ஓரத்தில் அழுத்தாமல் வையுங்கள். வெற்று உலோகமாக இருந்தால் ஒலிக்கும். பூச்சு இருந்தால் சத்தமே வராது. மீட்டர் இல்லையென்றால் கீறலின் நிறத்தைப் பாருங்கள். வெற்று எவர்சில்வரில் கீறல் பளிச்சென்று வெள்ளி நிறமாக மின்னும். பூச்சில் விழுந்த கீறல் பால்வெள்ளையாகவோ கறுப்பாகவோ மங்கியிருக்கும். சந்தேகம் இருந்தால் பூச்சு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பூச்சுள்ள கதவில் மெல்லிய கீறலுக்கு ஒரே வைத்தியம் எண்ணெய்: துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு, இழையோடு துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைப்பது. எண்ணெய் கீறலின் பள்ளத்தில் தங்கி, வெளிச்சம் சிதறுவதைக் குறைக்கும். அடுத்த முறை சோப்புப் போட்டுத் துடைக்கும்வரை தாங்கும். விருந்தாளி வரும் அன்றைக்கு அது போதும்.

இழை எந்தப் பக்கம்?

சின்னக் கேள்விபோலத் தெரியும், ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மேசைத் தகடு என்றால் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். ஃபிரிட்ஜ் கதவில் மேலிருந்து கீழாகவும் இருக்கும், குறுக்காகவும் இருக்கும். மூலையில் சாய்வாக வெட்டி ஒட்டிய சிங்க் விளிம்பில், ஒரு பக்கத்து இழை மறுபக்கத்து இழையைச் செங்கோணத்தில் சந்திக்கும். தகடு மடித்து வெல்டிங் செய்த சதுர சிங்க்கில் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு திசை. அடித்தட்டில் தண்ணீர் வடியும் துளையைச் சுற்றி வட்டமாகவும் ஓடலாம். டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்து, மெதுவாகச் சுற்றிவாருங்கள். வெளிச்சம் இழையைக் குறுக்கே வெட்டும்போது கோடுகள் பளிச்சென்று எழும். இழையோடு ஓடும்போது அடங்கிவிடும். எழுந்து நிற்கும் திசையைக் கண்டதும், ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை இழைக்கு இணையாக ஒட்டிவையுங்கள். தேய்க்கத் தேய்க்கக் கை தானாக வளையும், நமக்குத் தெரியாது. டேப் காட்டிக்கொடுக்கும்.

வாங்க வேண்டியவை

பெயிண்ட் கடையில் “வாட்டர் பேப்பர்” என்று கேளுங்கள், கறுப்பாக இருக்கும், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். மரவேலைக்கு விற்கும் பழுப்பு உப்புத்தாள் நனைந்தால் மணல் உதிர்ந்துவிடும், அது வேண்டாம். “எந்த வேலைக்கு?” என்று கடைக்காரர் கேட்டால் “எஸ்.எஸ். தகட்டுக்கு, அண்ணே” என்றால் அவருக்கே புரியும். 220, 320, 400 நம்பரில் இரண்டிரண்டு தாள். நம்பர் கூடக் கூட மணல் நைசாகும். 180 ஒரு தாள் வாங்கிவைக்கலாம், அவசியம் வராமலும் போகலாம். கார் பெயிண்ட் சாமான் விற்கும் கடைகளில் மெரூன் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் நார்ப்பட்டைகள் கிடைக்கும். ஸ்காட்ச் பிரைட் என்றே எல்லோரும் சொல்வார்கள். மெரூன் ஏறக்குறைய 320 நம்பர் தாளுக்குச் சமம், சாம்பல் அதைவிட நைஸ். இந்த வேலையில் என் கையில் அதிக நேரம் இருப்பது மெரூன் பட்டைதான். தாள் போடும் கோடு கூர்மையாக, கடினமாக விழும். நார்ப்பட்டை போடும் கோடு கொஞ்சம் மழுங்கி, ஆலையிலிருந்து வந்த ஃபினிஷோடு எளிதில் கலந்துவிடும்.

தாளைச் சுற்றிப் பிடிக்க உள்ளங்கை அளவில் ஒரு மரக்கட்டை வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் நான்கு விரலுக்கும் நான்கு பள்ளம் விழும். அதோடு மாஸ்கிங் டேப், பழைய பருத்தித் துணி, பாத்திரம் கழுவும் திரவம், ரப்பர் கையுறை. தகட்டின் வெட்டு விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறையை விட்டுவிடாதீர்கள்.

வாங்கக் கூடாதது ஒன்று: கம்பி நார். சாதாரண இரும்புக் கம்பியால் ஆன நாரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் கீறலுக்குள் புதையும். இரண்டு மூன்று நாளில் அது துருப்பிடித்து, தேநீர் சிந்தியதுபோலப் புள்ளி புள்ளியாக வரும். இரும்பு கேட்டைத் தேய்த்த பழைய தாளை இங்கே பயன்படுத்தினாலும் இதே கதைதான். எவர்சில்வருக்கு என்று புதுத் தாளைத் தனியாக வையுங்கள்.

தேய்க்கும் முறை

அடுப்பு என்றால் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள்; மின்சாதனம் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். கம்பெனிப் பெயர், குமிழ் அருகே அச்சிட்ட சின்னங்கள், கண்ணாடி, ரப்பர் பீடிங், பக்கத்தில் இழை திசை மாறும் இடம், எல்லாவற்றின் மேலும் டேப் ஒட்டுங்கள். குமிழ் அருகே உள்ள சின்னங்கள் ஒரே இழுப்பில் அழிந்துவிடும். பிறகு எந்தக் குமிழ் எந்தப் பர்னருக்கு என்று ஊகிக்க வேண்டியதுதான்.

எப்போதும் நைசிலிருந்து தொடங்கிக் கரடுமுரடுக்குப் போங்கள். சாம்பல் பட்டையால் ஒரு மூலையில் நான்கு இழுப்பு இழுத்து, துடைத்து, உலரவிட்டுப் பாருங்கள். கீறல் அடங்கத் தொடங்கினால் அதற்குமேல் போகவே வேண்டாம். அடங்கவில்லை என்றால் மெரூன், பிறகு 400, பிறகு 320. தேவைக்கு மேல் கரடான தாளில் தொடங்கினால், அது போடும் புதுக் கீறல்களை எடுக்கவே பாதி நாள் போய்விடும்.

தகட்டின் மேல் கொஞ்சம் தண்ணீரும் இரண்டு சொட்டுத் திரவமும் விட்டுக்கொள்ளுங்கள். தூசி பறக்காது, தாளும் அடைத்துக்கொள்ளாது. கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, இழையோடு, நேராக, நீளமாக இழுங்கள். நீளமாக என்றால் கீறலின் நீளத்துக்கு அல்ல. பத்து சென்டிமீட்டர் கீறல் என்றால் இரண்டு பக்கமும் பத்துப் பத்து சென்டிமீட்டர் தாண்டிப் போக வேண்டும். தகடு சின்னது என்றால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை இழுத்துவிடுவதுதான் நல்லது. தொடங்கிய இடமும் முடித்த இடமும் தெரியாது. நடுவில் நிறுத்துவதானால், கை ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டை தகட்டைத் தொட வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போதே தகட்டை விட்டு எழ வேண்டும். நின்ற இடத்தில் கையைத் திருப்பினால் ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் கொக்கிபோல ஒரு வளைவு விழும். நூறு கொக்கிகள் சேர்ந்தால் அங்கே ஒரு வெள்ளைத் திட்டு தெரியும், எந்த மூலையிலிருந்து பார்த்தாலும்.

போய்வருகிற இழுப்பு சிலருக்கு வசமாக வரும். புதிதாகச் செய்பவர்கள் ஒரே திசையில் இழுத்து, கையை எடுத்து, மறுபடி தொடக்கத்திலிருந்து இழுப்பதே மேல். கை கோணினால், மேசைத் தகட்டின் மேல் நேரான ஒரு மரச்சட்டத்தை இழைக்கு இணையாக வைத்து, அதை ஒட்டிக் கட்டையை ஓட்டுங்கள். சட்டத்தின் அடியில் துணி போட மறக்க வேண்டாம், இல்லையென்றால் சட்டமே கீறும்.

நாலைந்து இழுப்புக்குள் தண்ணீர் சாம்பல் நிறமாகி, பிறகு கருத்துக் குழம்பாகும். தகட்டிலிருந்து வந்த உலோகமும் தாளிலிருந்து உதிர்ந்த மணலும்தான் அது. அதை அடிக்கடி துடையுங்கள். அதற்குள் மாட்டும் பெரிய துகள் ஒன்று, நீங்கள் எடுக்க வந்த கீறலைவிட நீளமான ஒன்றைப் போட்டுவிடும். காதும் உதவும்: புதுத் தாள் ‘கரகர’ என்று கடிக்கும், மணல் மழுங்கியதும் ‘சரசர’ என்று வழுக்கும். வழுக்கத் தொடங்கியதும் தாளை மாற்றுங்கள். கடைசிச் சுற்றுக்கு மட்டும் மழுங்கிய தாள் நல்லது, அது போடும் கோடு மென்மையாக இருக்கும்.

பக்கவாட்டில் அளவு வைப்பதுதான் கைப்பழக்கம் கேட்கும் இடம். கீறலின் மேல் மட்டும் இழுத்தால் அங்கே ஒரு பட்டை விழும். ஒவ்வொரு சுற்றிலும் கட்டையை இரண்டு விரல்கடை வெளியே நகர்த்தி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். கடைசியில் மெரூன் பட்டையால், ஏறக்குறைய அழுத்தமே இல்லாமல், தகடு முழுவதையும் ஒருமுறை இழுத்துவிடுங்கள். புதிதாகத் தேய்த்த இடம் பழைய இடத்தைவிட வெளுப்பாகத் தெரியும். பழைய இடத்தில் எண்ணெயும் உப்பும் வருடக்கணக்கில் படிந்திருப்பதே காரணம். முழுத் தகட்டையும் ஒருமுறை இழுத்துவிட்டால் இந்த வித்தியாசம் குறையும். மிச்சம் புழக்கத்தில் போய்விடும்.

மெல்லிய கீறல் ஒன்றுக்கு இதற்கெல்லாம் சேர்த்து கால் மணி நேரம், கூடினால் அரை மணி நேரம்.

நகம் மாட்டும் கீறல்

கீறலின் குறுக்கே நகத்தை இழுங்கள். ‘டக்’ என்று மாட்டினால் ஆழமான கீறல். அதை முழுவதும் எடுக்க வேண்டுமானால், அதன் அடிமட்டம்வரை சுற்றியுள்ள தகடு முழுவதையும் இறக்க வேண்டும். வீட்டு சிங்க் தகடுகள் பொதுவாக 0.8 முதல் 1.2 மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கும். அதில் நூற்றில் சில பங்கு மில்லிமீட்டர் குறைவதால் ஓட்டை விழப்போவதில்லை. ஆனால் ஒரே இடத்தில் இறக்கினால் குழி விழும், வெளிச்சம் அங்கே வளைந்து தெரியும்.

என் கருத்து: ஆழக் கீறலைப் பாதிக்குமேல் துரத்தாதீர்கள். 220 தாளால் கீறலின் இரண்டு கரைகளும் மழுங்கும்வரை இழுத்து, 320, மெரூன் என்று இறங்கி முடித்துவிடுங்கள். நகம் லேசாகத் தட்டும், கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதற்கு ஒரு காரணம் உண்டு: கீறல் பளிச்சிடுவது பெரும்பாலும் அதன் கரையில் பிசிறாக எழும்பி நிற்கும் உலோகத்தால். பிசிறு போனாலே பாதி வெளிச்சம் அடங்கிவிடும். முழுத் திருப்தி வேண்டும் என்பவர்கள், கழற்றக்கூடிய தகடாக இருந்தால், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பி செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கொடுக்கலாம். நேர்கோட்டில் தேய்க்கும் உருளை எந்திரம் வைத்திருக்கும் பட்டறையா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். கிரைண்டரில் வட்டத் தட்டு மாட்டித் தேய்ப்பவர் கையில் போனால், தகடு முழுக்க அரைவட்டக் கோடுகளோடு திரும்பி வரும்.

சிங்க்கைப் பற்றித் தனியாக

சிங்க்கின் அடித்தட்டில் விழும் கீறலை எடுக்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி. தோசைக்கல்லும் குக்கரும் தினமும் இறங்குகிற இடம் அது; கீரை வேரோடு வரும் மண்ணும் அங்கேதான் அரைபடுகிறது. புது சிங்க்கில் முதல் கீறல் மட்டும்தான் மனதைக் குத்தும். ஆறு மாதத்தில் எல்லாத் திசையிலும் கோடுகள் நிறைந்து, ஒரே சீரான மங்கலாக மாறிவிடும். அந்த நிலையில் ஒரு பகுதியை மட்டும் புதுசாக்கினால் அதுதான் தனித்துத் தெரியும். கண்ணில் படுகிற விளிம்புக்கும் வடிதட்டுக்கும் மட்டும் நேரம் செலவிடுங்கள். அடித்தட்டில் ரப்பர் முனை போட்ட கம்பிச் சட்டம் ஒன்றைப் போட்டுவைத்தால் போதும். தினமும் தேய்க்க ஸ்பாஞ்ச் அல்லது தேங்காய் நார். பச்சை ஸ்க்ரப்பரில் உராய்வுத் துகள் உண்டு, அதையே வட்டம் வட்டமாகச் சுற்றினால் ஒரு வருடத்தில் இழையே மறைந்துவிடும்.

உணவக அடுக்களை மேசை வேறு மாதிரி. தட்டையான தகடு, கத்தித் தடம் நிறைய, பார்ப்பவர் குறைவு. அங்கே 180 தாளைக் கட்டையில் சுற்றி, வருடத்துக்கு ஒருமுறை விளிம்பிலிருந்து விளிம்புவரை இழுத்துவிட்டால் மேசை புதுசுபோல ஆகிவிடும். பள்ளத்தில் அழுக்குத் தங்குவதும் குறையும்.

முடித்த பிறகு

தேய்த்த தகட்டை உடனே சோப்புத் தண்ணீரில் கழுவி, மணல் ஒரு துளியும் இல்லாமல் அலசி, துணியால் உலர்த்துங்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணமே அதன் மேலுள்ள குரோமிய ஆக்சைடு படலம். சில நானோமீட்டர் தடிப்புதான். தேய்க்கும்போது அது போய்விடும், காற்றுப் பட்டதும் தானாகவே மறுபடி உருவாகும். தகடு சுத்தமாகவும் உலர்வாகவும் இருந்தால்தான் அது சீராக உருவாகும். அதனால் ஒரு நாள்வரை அதன் மேல் உப்பு ஜாடி, ஊறுகாய்க் கிண்ணம், புளி கரைத்த பாத்திரம் எதையும் வைக்காமல் இருப்பது நல்லது. மறுநாள் விரும்பினால் எண்ணெய்த் துணியால் ஒருமுறை இழையோடு துடையுங்கள்.

அதையும் மீறிப் பழுப்புப் புள்ளி வந்தால், முதலில் சமையல் சோடாக் குழம்பு. போகவில்லை என்றால் ஆக்சாலிக் அமிலம் சேர்ந்த எவர்சில்வர் கிளீனர். கையுறை போட்டுக்கொண்டு, பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்குமேல் விடாமல் கழுவிவிடுங்கள். கழிப்பறை ஆசிட்டை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் அந்தப் படலத்தைத் தின்று, ஊசியால் குத்தியதுபோலக் குழி போடும். பிளீச்சிங் பவுடரை இரவு முழுக்க சிங்க்கில் ஊறவிட்டாலும் அப்படித்தான். குழியைத் தேய்த்து எடுக்க முடியாது. தேய்க்கத் தேய்க்க அடியில் அது இன்னும் அகலமாக இருப்பதுதான் தெரியும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு

எவர்சில்வர் சிங்க் வாங்கும் மிக மோசமான அடி, வீட்டுக்குக் குடிபோகும் முன்பே விழுகிறது. கொத்தனார் கரண்டி கழுவுவதும், டைல்ஸ்காரர் மிச்சச் சிமெண்டைக் கொட்டுவதும், கிரானைட் அறுத்த தூசி படிவதும் அங்கேதான். ஜன்னல் கிரில்லை வெல்டிங் வைக்கும்போது தெறிக்கும் இரும்புப் பொறி, பத்தடி தள்ளியிருந்தாலும் சிங்க்கில் வந்து ஒட்டி, துருப்புள்ளியாகும். கடைசியில் டைல்ஸ் மேலுள்ள சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். மூடிய அறையில் எழும் அந்தப் புகையே தகட்டைக் கெடுத்துவிடும். ஒரு சொட்டு நேராக விழ வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆகவே சிங்க்கோடு வரும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமல், அதற்கு மேல் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, டேப் ஒட்டிவிடுங்கள். மேஸ்திரியிடம் “அண்ணே, சிங்க்குல எதையும் கழுவ வேண்டாம், தனியா ஒரு டப் வச்சிருக்கேன்” என்று சொல்லி, அந்த டப்பையும் உண்மையிலேயே வைத்துவிடுங்கள். டப் இல்லாமல் சொல்லும் வார்த்தைக்குக் கட்டட வேலையில் மரியாதை கிடையாது. ஆசிட் கழுவல் நடந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து, அன்றே தகட்டை நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். வேலை முடிந்து வீடு கூட்டிய பிறகு படலத்தை உரித்துவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் விட்டால், வெயில் படும் ஜன்னலோரத்தில் பசை தகட்டோடு இறுகிவிடும். இறுகிவிட்டது என்றால் கத்தியால் சுரண்டாதீர்கள். ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்து, தகட்டில் தங்கிய பசையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துத் துணியால் எடுங்கள், இழையோடு.